வைக்கோல் சேர்க்காத மண்

மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே அடுக்கிவிட்டு, கீழே விரித்திருந்த சாம்பல் நிறத் துணியை நானும் ஹம்தியும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சுருட்டினோம். ஒரு குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த அறையிலிருந்து ஈர மண் வாடை மேலே வந்தது. துணி விலகியதும் முதலில் கண்ணில் பட்டது, போன கோடையில் அறையின் நடுவே வெட்டாமல் விட்டிருந்த மண் திட்டுதான். அதன் முகத்தில் மண் சுரண்டும் கரண்டி இழுத்த தடங்கள் நேற்று இழுத்தவை போல இருந்தன. அகழாய்வு நடக்கும் இந்த மேட்டில் வேலை செய்கிற எல்லோருடைய தடமும் ஒரு பக்கம் சாயும். இவை மறுபக்கம் சாய்ந்திருந்தன. எங்களில் இடது கைக்காரர் ஒருவர்தான் இருந்தார், என் கணவர் துர்முஷ். அவரைப் பிப்ரவரியில் புதைத்தோம். தரை உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முக்கால் நாள் ஆயிற்று.

ஹம்தியும் அந்தத் தடங்களைப் பார்த்துவிட்டான். என் கணவருக்குச் சித்தப்பா மகன், பன்னிரண்டு வருடமாக அவருக்குத் தள்ளுவண்டி தள்ளியவன். துணியை மடிப்பதில் மும்முரமாக இருப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணி, நீங்க வேணும்னா இன்னிக்கு சல்லடைப் பக்கம் போங்க. இந்தத் திட்டை நான் இறக்கிடறேன்."

"இறக்கத்தானே என்னை எடுத்திருக்காங்க," என்றேன்.

ஒரு வீட்டிலிருந்து மேட்டு வேலைக்கு வந்தவர் இறந்தால் அந்த இடம் அதே வீட்டுக்குத்தான் என்பது இங்கே எழுதாத வழக்கம். ஆறு கோடை நான் வெட்டிய மண்ணைச் சலிக்கும் சல்லடையில் நின்றிருக்கிறேன். கரண்டி பிடிப்பது இதுதான் முதல் முறை. அகழாய்வை நடத்தும் துலின் அம்மணி, எங்கள் பேச்சில் துலின் ஹானிம், என் கணவருடைய கரண்டியையே எடுத்துக் கொடுத்தாள். அதன் முனை முப்பது வருடத் தேய்மானத்தில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வலது கையில் பிடித்தால் மண்ணில் ஒழுங்காகப் படியவில்லை. இரண்டு நாள் முயன்றுவிட்டு அதைப் பெட்டியில் வைத்து வேறொன்று வாங்கிக்கொண்டேன்.

அந்த அறையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டிய ஆட்கள் எங்கள் ஊரில் யாருமில்லை. எட்டாயிரம் வருடங்களுக்கு முன் அதில் குடியிருந்தவர்கள் ஒரு நாள் அந்த வீட்டை முடித்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பாத்திர பண்டங்களை எடுத்தார்கள், தூண்களைப் பிடுங்கினார்கள், தரையைப் பெருக்கினார்கள். பிறகு சுவரின் மேல்பாதியை இடித்து, அந்தச் சுடாத மண்கற்களையே உடைத்துத் தூளாக்கி, அறை நிறையும் வரை கொட்டி மிதித்தார்கள். அதன் மேல் புது வீடு கட்டினார்கள். நாங்கள் அந்த நிரப்பு மண்ணைத்தான் வெளியே எடுக்கிறோம். சிரமம் என்னவென்றால் நிரப்பு மண்ணும் சுவரும் ஒரே மண். ஒரே நிறம், ஒரே நயம். சுவர் முடிந்து நிரப்பு மண் எங்கே தொடங்குகிறது என்பது, பூச்சு உதிர்ந்துபோன இடங்களில், கடவுளுக்கும் உஸ்தாவுக்கும் மட்டுமே தெரியும் என்பார்கள். உஸ்தா, அதாவது கைதேர்ந்த மேஸ்திரி, என்றால் என் கணவர். காலையில் சாய்ந்த வெயிலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார். சுவர் மெதுவாகக் காயும், நிரப்பு மண் சீக்கிரம் காயும். அந்த இடைவெளியில், ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்கு, கோடு தெரியும். தெரியும்போதே ஆணியால் கீறிக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலுக்குப் பிறகு சுவர் ஓரத்தில் கை வைக்கவே கூடாது. வைத்தவனை அவர் ஒரு வாரம் வாளி தூக்க வைத்திருக்கிறார். ஒரு முறை பட்டணத்திலிருந்து வந்த மாணவனையும் தூக்க வைத்தார், துலின் ஹானிம் தடுக்கவில்லை.

நிரப்பு மண்ணில் ஒன்றும் கிடைக்காது. அதுதான் அந்த வேலையின் களைப்பு. கல்லறை வெட்டினால் எலும்பு, குப்பைமேடு வெட்டினால் ஓடு, ஊசி, ஆட்டுக் கொம்பு என்று ஏதாவது வரும். இங்கே மண்ணுக்குக் கீழே மண். முழங்காலுக்கடியில் மடித்த சாக்கு, முகத்துக்கு நேரே மண், மாலையில் மூக்கைச் சிந்தினால் மண். வீட்டுக்குப் போய்க் கோதுமைச் சோறு பொங்கி வைத்துவிட்டு, இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பேன். இறந்தவருக்கான ஐம்பத்திரண்டாம் நாள் ஓதல் முடிந்து அல்வா கிண்டிக் கொடுத்தாகிவிட்டது, ஊருக்கு அழுகை முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, தூக்கமும் வரவில்லை, உடம்பு மட்டும் எப்போதும் கனத்தது.

"எப்பேர்ப்பட்ட பொம்பளைங்கடி இவளுங்க," என்பாள் சல்லடையில் நிற்கும் ஷெரிஃபே. "வீட்டைக் காலி பண்ணும்போது ஒத்த மணியைக்கூட விட்டுட்டுப் போகலை. என் மாமியாருக்குச் சொந்தக்காரிங்களா இருப்பாளுங்க."

"ஒன் மாமியார் வாசக்கதவையும் கழட்டிக்கிட்டுப் போவா," என்பான் ஹம்தி.

"அதான் இங்கயும் கதவு இல்லையே. கூரையில ஓட்டை போட்டு ஏணி வெச்சு இறங்கியிருக்காளுங்க. கதவை எவளோ கொண்டு போயிருக்கா."

ஒன்பதாம் நாள் காலை, நடுத் திட்டு முழுக்க இறங்கிவிட்டிருந்தது. அவருடைய தடங்களை நானே இழுத்து அழித்திருந்தேன். அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை, அல்லது தோன்ற விடவில்லை. மேற்குச் சுவரில் இடுப்பளவில் ஒரு விரிசல் இருப்பதைத் துலின் ஹானிம்தான் பார்த்தாள். பொதுவாக மண்சுவர் குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கும். இது ஒரு சட்டம் போல நான்கு பக்கமும் சுற்றி ஓடியது. அகலம் ஒரு முழம், உயரம் அதைவிடக் கொஞ்சம் கூட. அவள் சிகரெட்டை வாளியில் அணைத்துவிட்டு மண்டியிட்டாள்.

துலின் ஹானிம் அங்காராக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து கோடையாக எங்களோடு அதே தகரக் கொட்டகையில் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தக்காளியும் தின்கிறாள். மேட்டை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடப்பது எங்களுக்கும் தெரியும். பெரிதாக ஒன்று வராவிட்டால் இதுவே கடைசிப் பருவம். அவள் பின்கழுத்து வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. விரிசலைத் தூரிகையால் துடைக்கத் துடைக்க அந்தக் கழுத்து அசையாமல் நின்றுவிட்டது.

"அடைச்சிருக்காங்க," என்றாள். "நஸ்மியே அக்கா, இங்க பாருங்க. ஒரு ஆள் நுழையற மாதிரி ஓட்டை வெச்சிருந்து, அப்புறம் அடைச்சிருக்காங்க. பக்கத்து வீட்டுக்குப் போற வழி."

அவள் சொல்லி முடிக்கவில்லை, சட்டத்துக்குள் இருந்த மண்ணின் மேல்தோல் ஒரு சப்பாத்தி அளவு கழன்று என் மடியில் விழுந்தது. உள்ளே இன்னொரு பூச்சு இருந்தது. அந்தப் பூச்சில், அடுத்த பூச்சு ஒட்டிப் பிடிப்பதற்காக, யாரோ விரல்களால் அழுத்தி மேலிருந்து கீழே இழுத்திருந்தார்கள். நான்கு விரல். கட்டைவிரல் ஒரு ஓரமாகப் பதிந்திருந்தது.

துலின் ஹானிம் தன் கையை அந்தப் பதிவின் மேல், தொடாமல், ஒரு காகித இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். வலது கை சரிவரவில்லை. இடது கையை வைத்தாள். பொருந்தியது. நடுவிரலில் மட்டும் அவள் விரல் நீண்டு நின்றது, பதிவு ஒரு கணு முன்பே முடிந்துவிட்டது.

"விரல் நுனி இல்லாத ஆள்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எட்டாயிரம் வருஷம், அக்கா."

துர்முஷுக்குப் பத்தொன்பது வயதில் கதிரடிக்கும் இயந்திரத்தின் வார்ப்பட்டை நடுவிரல் நுனியை எடுத்துக்கொண்டது. இடது கை. பெண் பார்க்க வந்தபோது அந்தக் கையைத் தொப்பிக்கடியில் மறைத்து வைத்திருந்தார். முப்பத்தோரு வருடம் அந்தக் கையோடு நான் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இன்னொருத்தி அவர் கை மேல் கை வைத்திருக்கிறாளே, எடுக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. எடுக்கச் சொல்லவில்லை. மடியில் கிடந்த மண்ணைப் பார்த்தேன். உடைந்த விளிம்பில் ஒரு துரும்புகூட இல்லை. வெறும் மண்ணைக் குழைத்து அப்பியிருந்தார். எங்கள் ஊரில் சுவர் பூசுவது பெண்களின் வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் பூசுகிறோம். வைக்கோல் நறுக்கிப் போட்டு ஒரு நாள் புளிக்க விடாத மண், காய்ந்தால் சுற்றிலும் வெடித்து விலகும் என்பது ஏழு வயதுப் பெண்ணுக்குத் தெரியும். ஆண்களுக்குத் தெரியாது.

துலின் ஹானிம் அறையைத் துணியால் மூடிவிட்டு, மத்தியானமே அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்தப் பகுதியை அப்படியே வெட்டி, சுண்ணச்சாந்து கட்டி, பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வியாழக்கிழமை ஆள் வருவதாகச் சொன்னார்கள். அன்று செவ்வாய். "இது போதும்," என்று எங்களுக்கெல்லாம் தன் கையாலேயே தேநீர் ஊற்றினாள். "அடுத்த வருஷமும் வருவோம். அதுக்கடுத்த வருஷமும்."

கருவிக் கொட்டகைக்குப் பின்னால் ஹம்தி தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஏற்கெனவே எண்ணெய் போட்ட சக்கரம்.

"நீ இருந்தியா அன்னிக்கு?" என்று கேட்டேன்.

அவன் நிமிரவில்லை. "நான்தான் தண்ணி கொண்டுவந்தேன்."

"எப்போ?"

"போன வருஷம், ஜூலைக் கடைசி. நாலு மணி இருக்கும். எல்லாரும் இறங்கிட்டாங்க. அண்ணன் மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னாரு. ஒரே இருமல். வாங்கன்னு சொன்னா வாளியை எட்டி உதைக்கிறாரு. அந்த வருஷமே முடிச்சிடணும்னு அவருக்கு. அடுத்த வருஷம் இருக்க மாட்டோம்னு தெரிஞ்சிருக்கும்போல." சக்கரத்தைச் சுழற்றிவிட்டான். "திடீர்னு ஒரு கல்லு முழுசா கையோட வந்துடுச்சு. அப்பவும் நிறுத்தலை, அது நிரப்பு மண்ணுன்னே நெனச்சாரு. இன்னும் மூணு கல்லு. அப்புறம்தான் பின்னால இருக்கற சந்து தெரிஞ்சுது. கீழ உக்காந்துட்டாரு. பேசாம துலின் ஹானிம்கிட்ட சொல்லிடலாம்ணேன்னு சொன்னேன். தண்ணி கொண்டான்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அண்ணிகிட்ட சொல்லாதேன்னாரு."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அவ சிரிப்பான்னாரு."

சிரித்திருப்பேன். அதுதான் உண்மை. மேட்டின் உஸ்தா சுவரைத் தின்றுவிட்டு வைக்கோல் போடாத மண்ணால் பூசிவிட்டு வந்தால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பேன், பிறகு நறுக்கிய வைக்கோல் ஒரு பை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் அவரோடு போய் ஒழுங்காகப் பூசிக் கொடுத்திருப்பேன். அந்த ஜூலையில் ஒரு மாலை வெகுநேரம் குழாயடியில் நின்று நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறுகிறது என்று நான் கத்தினேன். அவ்வளவுதான் நடந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவர் என்னிடம் மறைத்தது இது ஒன்றுதானா, இன்னும் எத்தனை சுவர்களா என்று கேட்டுக்கொள்ளக்கூட எனக்கு அசதியாக இருந்தது.

"சொல்லிடாதீங்க அண்ணி," என்றான் ஹம்தி. "நம்ம ஊர் கல்லறை எழுத்து பத்து வருஷத்துல மழையில போயிடும். இது கண்ணாடிப் பெட்டியில இருக்கப் போகுது. பள்ளிக்கூடப் புள்ளைங்க வரிசையில நின்னு பாக்கும். அண்ணன் கையை."

"அவர் பேரு இருக்காதே."

"நமக்குத் தெரியும்ல. சொன்னா என்ன ஆகும்? சுவரை வெட்டிட்டு மறைச்சவன்னு பேரு வரும். மேட்டையும் மூடுவாங்க. ஊர்ல பதினெட்டு வீட்டுக்கு இதுதான் கோடை வேலை. யாருக்கு லாபம்?"

புதன்கிழமையும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஹம்தி கெஞ்சியதற்காகவோ பதினெட்டு வீட்டுக்காகவோ அல்ல. எனக்கே அது வேண்டியிருந்தது. பேருந்தில் ஏறி, அருங்காட்சியகம் இருக்கும் கொன்யாவில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகச் சீட்டு வாங்கி உள்ளே போய், அந்தக் கண்ணாடி முன் நிற்பேன். காவலாளி நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரை நிற்பேன். எங்கள் ஊரில் எந்த விதவைக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைக்கும். அவருடைய சட்டைகளில் வாடை போய்விட்டது. மேசை மேலிருந்த படத்தில் இருப்பவர் அடையாள அட்டைக்காக மூச்சை அடக்கியிருப்பவர். இந்தக் கை மட்டும்தான் அவரே ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்போது விட்டுப் போனது. அறையின் வடகோடியில் கரண்டி போட்டுக்கொண்டிருந்தாலும், முதுகுக்குப் பின்னால் துணிக்கடியில் அது இருப்பது, அறையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. சத்தம் போடாமல் வேலை செய்தேன்.

வியாழக்கிழமை அருங்காட்சியகத்து ஆள் வரத் தாமதமானது. சும்மா இருக்க முடியாமல் துலின் ஹானிம் பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினாள். எங்கள் மேட்டில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு எண் உண்டு, ஒரு படிவம் உண்டு. பிடி மண்ணானாலும் நிறம், ஈரம், கலப்பு, யார் எடுத்தது, என்னவாக இருக்கலாம் என்று எழுதாமல் அது அறையை விட்டு வெளியேறாது. அவள் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். ஷெரிஃபே தேநீர்க் குவளைகளை எடுக்க வந்தவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடைப்பு... இரண்டு பூச்சு... உள் பூச்சில் இடது கைப் பதிவு. வளர்ந்த ஆள்." பேனாவைக் கன்னத்தில் தட்டினாள். "சின்னக் கைதான். என் கையே பொருந்துச்சே. பொம்பளையா இருக்கும். சுவர் பூசறது அப்பவும் பொம்பளைங்க வேலையாத்தான் இருந்திருக்கும். ஒரு பெண்ணின் கை என்று எழுதறேன்."

"அது பொம்பளைக் கை இல்ல," என்றேன்.

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஹம்தி தள்ளுவண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"ஏன் அக்கா?"

"எந்தப் பொம்பளையும் வைக்கோல் போடாம மண்ணு பூச மாட்டா. உடைஞ்ச விளிம்பைப் பாருங்க. இந்த அறையில மத்த எந்தச் சுவர்ப் பூச்சை வேணும்னாலும் பாருங்க, துரும்பு பதிஞ்ச கோடு இருக்கும். இதுல இல்ல. அதான் சுத்தி வெடிச்சிருக்கு. பூசத் தெரியாத ஆம்பளை ஒருத்தன் அவசரத்துல அப்பினது."

அவள் துணியை விலக்கி விளிம்பைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கிழக்குச் சுவருக்குப் போய் அங்கே பார்த்தாள், திரும்பி வந்தாள். ஐந்து வருடமாக மண் பார்க்கிறவள், பார்த்ததும் அது பழைய பூச்சு இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் என்னைச் சொல்லவிட்டாள்.

"நடுவிரல் நுனி கதிரடிக்கிற மிஷின்ல போனது," என்றேன். "துர்முஷோட கை அது."

"நான்தான் தண்ணி கொண்டுவந்தேன்," என்றான் ஹம்தி, யாரும் கேட்காமலே.

துலின் ஹானிம் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தாள். தொலைபேசியை எடுத்து, வழியில் இருந்த ஆளைத் திரும்பிப் போகச் சொன்னாள். காரணம் கேட்டிருப்பார்கள்போல. "தப்பாப் பாத்துட்டேன்," என்றாள். எங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை. பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள், அறைக்குள் புகைக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி.

"செவ்வாக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அக்கா?"

"கொஞ்ச நாள் இருக்கட்டும்னு."

அவள் தலையாட்டினாள். கோபம் இருந்தது, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தெம்பு இல்லை. "உஸ்தா," என்றாள் சுவரைப் பார்த்து. "என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே. நான் எத்தனை சுவரை வெட்டியிருக்கேன்னு அவருக்குத் தெரியாதா? அடுத்த வருஷத்தைப் பத்தி இனிமே நான் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. அதையும் கேட்டுக்கோங்க."

"கேட்டுக்கறோம்," என்றாள் ஷெரிஃபே. அவள் வீடும் அந்தப் பதினெட்டில் ஒன்று.

படிவத்தைக் கிழிக்கவில்லை. எழுதியதை ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, கீழே மறுபடி எழுதினாள். எண் மாறவில்லை. அடைத்தது யார் என்ற இடத்தில் துர்முஷ் உஸ்தா என்று எழுதினாள். எப்போது என்ற இடத்தில் போன ஜூலை. ஏன் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள்.

"சுவர் எதுன்னு தெரியாமப் போச்சு," என்றேன். "காலை வெளிச்சம் போயிடுச்சு."

அப்படியே எழுதினாள். அவர் பெயர் கூலிப் பட்டியலைத் தவிர அந்த மேட்டின் காகிதங்களில் வந்தது அந்த ஒரு முறைதான்.

அடைப்பை எடுத்தாக வேண்டும். அதைச் செய்ய ஹம்தி முன்னால் வந்தான், நான் விடவில்லை. கைப்பதிவு இருந்த பகுதியை மட்டும் முழுதாகக் கழற்ற முடிந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றாள் துலின் ஹானிம். இது போன வருஷத்து மண், யாரும் கேட்க மாட்டார்கள். கத்தியைப் பின்னால் செருகி, உள்ளங்கையை அணைத்துக் கொடுத்து, மூச்சை அடக்கி இழுத்தேன். வந்தது. ஒரு ரொட்டி அளவு கனம் என் கையில் இருந்தது. ஏணிப் பக்கம் திரும்புவதற்குள், பிடிப்பதற்கு ஒரு வைக்கோல் இழைகூட இல்லாத அந்த மண், முதலில் கட்டைவிரல் பக்கமும் பிறகு நடுவிலுமாகப் பிளந்து, விரல்களுக்கிடையே வழிந்து வாளிக்குள் போய்விட்டது. கொஞ்சம் என் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. ஷெரிஃபே மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "குடுடி வாளியை," என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை, அவளுக்கு அது பெரிய காரியம்.

"இதையும் சலிக்கணுமா?" என்று கேட்டான் ஹம்தி.

"எல்லாத்தையும் சலிக்கணும்," என்றாள் துலின் ஹானிம்.

மூன்று வாளி மண். சல்லடையில் கடைசியாக மிஞ்சியது இரண்டு சூரியகாந்தி விதைத் தோல். இருமலுக்கு நல்லதென்று அவர் அந்தக் கோடை முழுக்கக் கொறித்துக்கொண்டிருந்தார், வேலை செய்யும்போதும் வாயோரத்திலிருந்து துப்புவார், நான் ஆயிரம் முறை திட்டியிருக்கிறேன். ஷெரிஃபே அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எட்டாயிரம் வருஷமா பக்கத்துல உக்காந்து துப்பிக்கிட்டே இருந்திருக்காரு மனுஷன்," என்றாள். முதலில் சிரித்தது துலின் ஹானிம்தான். பிறகு எல்லோரும். நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், சல்லடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிப்ரவரியிலிருந்து வராதது எல்லாம் வந்தது. ஷெரிஃபே என் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிவிட்டு, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

தோலிரண்டையும் பையில் போட்டு எண் எழுதச் சொன்னாள் துலின் ஹானிம். விதி விதிதான்.

பருவம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தரையை எட்டினோம். வெள்ளைப் பூச்சுத் தரை, வழவழவென்று, ஆகஸ்ட் மாத வெயிலிலும் கிணற்றுக் கல் போலக் குளிர்ந்திருந்தது. தரை தெரிந்துவிட்டால் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். என் காலுறையில் இரண்டு இடத்தில் ஒட்டு. படம் எடுப்பதற்கு முன் தரையில் ஒரு தூசி இருக்கக் கூடாது என்பதால் பெருக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். தெற்கு மூலையில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து, நான் நின்ற இடத்தையும் பெருக்கிக்கொண்டே ஏணி வரை வந்து மேலே ஏறினேன். படம் பிடிக்கிறவர் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கீழே எட்டிப் பார்த்தேன். மேற்குச் சுவரில் அவர் வெட்டிய ஓட்டை திறந்திருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு வீடுகளின் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய சந்து, அந்தக் காலத்தில் கொட்டிய தளர்ந்த சாம்பல் மண் நிறைந்தது. அங்கிருந்து நூல் போல ஒரு மண் இழை, சத்தமில்லாமல், பெருக்கிய தரை மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய், அள்ளிக்கொண்டு, தடம் பெருக்கி, ஏறி வந்தேன். இழை நின்றிருந்தது. படம் பிடிக்கிறவர் குனிந்ததும் மறுபடி தொடங்கியது.

"ஒரு துணியை உருட்டி வெச்சு அடைச்சிடவா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டான் ஹம்தி. "படத்துல தெரியாது."

"வேண்டாம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துலின் ஹானிம் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் மறுபடி செருப்பைக் கழற்றி, தூரிகையை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். கீழே அந்த வெள்ளைத் தரையில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்திருந்தது. அதன் உச்சியில் மண் விழுந்து, இரண்டு பக்கமும் சரிந்து, மேலும் விழுந்துகொண்டிருந்தது.